தலைநகருக்குத் தெரியாத நம் டைனோசர்கள்

2025 ஜூலையில் வெளியான ‘ஜுராசிக் வேர்ல்டு: ரீபர்த்’ படத்தில் ஒரு காட்சி வருகிறது. உயர்ந்து வளர்ந்த புல்வெளி. அதற்கு மேலே மலைபோல் எழும் இரண்டு உருவங்கள். நீண்ட கழுத்துகள் ஒன்றையொன்று உரசுகின்றன, வால்கள் வானில் சுழல்கின்றன. வாழ்நாள் முழுக்க எலும்புகளை மட்டுமே பார்த்துப் பழகிய ஆய்வாளர் ஒருவர், உயிருள்ள டைனோசரின் காலைத் தொட்டுப் பார்த்துக் கண்கலங்குகிறார். இரைச்சலும் ஓட்டமும் நிறைந்த அந்தப் படத்தில் மனம் இளகும் இடம் அது ஒன்றுதான். அந்த விலங்கின் பெயர் டைட்டனோசாரஸ்.

அந்தப் பெயர் பிறந்தது ஜபல்பூர் எலும்புகளிலிருந்து. படம் பார்த்த டெல்லிக் குழந்தைகளில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? அவர்களை அழைத்துப்போன பெற்றோரில் எத்தனை பேருக்கு?

1828இல் வில்லியம் ஸ்லீமன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, ஜபல்பூர் பாசறையை ஒட்டிய பாரா சிம்லா குன்றில் கல்லாகிப்போன சில எலும்புகளைக் கண்டெடுத்தார். வழிப்பறி செய்த தக்கர்களை ஒடுக்கியவர் என்று வரலாற்றுப் பாடத்தில் வரும் அதே ஸ்லீமன்தான். ரிச்சர்ட் ஓவன் ‘டைனோசர்’ என்ற சொல்லை உருவாக்கியது 1842இல். அந்தச் சொல் உலகில் புழங்குவதற்கு 14 ஆண்டுகள் முன்பே நர்மதைப் பள்ளத்தாக்கில் டைனோசர் எலும்பு கைக்கு வந்துவிட்டது. ஆசியாவில் முதன்முதலாகக் கண்டெடுக்கப்பட்ட டைனோசர் எலும்புகளில் அவையும் அடங்கும். 1877இல் ரிச்சர்ட் லைடக்கர் அவற்றுக்கு ‘டைட்டனோசாரஸ் இண்டிகஸ்’ என்று பெயரிட்டார். பிறகு அந்த எலும்புகள் எங்கே போயின என்றே தெரியாமல் போனது. பல பத்தாண்டுகள் கழித்து, 2012இல், கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சேகரிப்பிலேயே அதன் வால் எலும்பு ஒன்று மீண்டும் அடையாளம் காணப்பட்டது.

இன்றைய விஞ்ஞானிகள் டைட்டனோசாரஸ் என்ற பேரினத்தை ஐயத்துக்குரியதாகவே கருதுகிறார்கள். லைடக்கர் தனித்தன்மை என்று நினைத்த வால் எலும்பு அமைப்பு, பிற்காலத்தில் உலகெங்கும் கிடைத்த பல உறவினங்களிலும் இருந்தது. அதனால் அந்தச் சில எலும்புகளை மட்டும் வைத்து ஓர் இனத்தைப் பிரித்துச் சொல்ல முடியாது என்பது அவர்கள் முடிவு. ஆனால், உலகின் மிகப் பெரிய நிலவாழ் விலங்குகள் அடங்கிய குழு முழுவதற்கும் ‘டைட்டனோசர்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அர்ஜென்டினாவில் கிடைக்கும் பூதாகரமான எலும்புக்கும் ஜபல்பூர் வழி வந்த பெயர்தான்.

டைனோசர்களைப் பற்றி வெகுஜன ஊடகங்கள் காட்டும் சித்திரத்தில் அறிவியல் பிழைகள் இருப்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். இந்தியாவில், குறிப்பாகத் தலைநகரில், இன்னொரு பெரிய குறை இருக்கிறது. இந்த மண்ணில் திரிந்த விலங்குகளுக்கு நம் திரையிலும் பூங்காவிலும் பாடநூலிலும் உரிய இடம் இல்லை. இடமில்லாததை யாரும் தேடுவதில்லை. யாரும் தேடாததைக் காப்பாற்ற அரசும் அவசரப்படுவதில்லை.

டெல்லிக்கும் புதைபடிவங்களுக்கும் உள்ள உறவு புதிதல்ல. 14ஆம் நூற்றாண்டில் டெல்லியை ஆண்ட ஃபிரோஸ் ஷா துக்ளக், வடக்கே சிவாலிக் அடிவாரத்தில் கால்வாய்க்காக ஒரு மேட்டை வெட்டச் சொன்னார். வெட்டிய இடத்தில் பிரம்மாண்டமான எலும்புகள் கிடைத்தன. சில யானையுடையவை என்றும், சில மனிதருடையவை என்றும், முன்கை எலும்பு மட்டுமே 3 கஜம் நீளம் இருந்தது என்றும் ஃபெரிஷ்டா எழுதிய வரலாற்று நூல் சொல்கிறது. அன்றைய மக்கள் அவற்றை அரக்கர்களின் எலும்பு என்று எண்ணியதில் வியப்பில்லை. பூமியின் வயது தெரியாத காலத்தில், கையில் கிடைத்த எலும்புக்குத் தங்களுக்குத் தெரிந்த முகத்தைக் கொடுத்தார்கள். சுமார் 500 ஆண்டுகள் கழித்து அதே சிவாலிக் மலையடிவாரத்தில் அலைந்த ஹியூ ஃபால்கனரும் புரோபி காட்லியும் ஃபெரிஷ்டாவின் குறிப்பை நினைவுகூர்ந்தார்கள். ஃபால்கனர் சகாரன்பூர் தாவரவியல் தோட்டத்தின் பொறுப்பாளர். காட்லி கால்வாய்ப் பொறியாளர், பிற்பாடு கங்கைக் கால்வாயைக் கட்டியவர். 1836இல் அவர்கள் உலகுக்கு அறிமுகப்படுத்திய விலங்கு சிவதேரியம். ஒட்டகச்சிவிங்கியின் உறவுக்காரன், ஆனால் யானை நிகர்த்த உடல், தலையில் தட்டையாக விரிந்த கொம்புகள்.

சிவதேரியம் டைனோசர் அல்ல. டைனோசர்கள் அழிந்து பல கோடி ஆண்டுகள் கழித்து வந்த பாலூட்டி. டைனோசர், மாமத், பறக்கும் ஊர்வன, கடல் ஊர்வன எல்லாவற்றையும் ஒரே காலத்தில் ஒரே காட்டில் உலவவிடுவது பொம்மைக் கடைகளும் கார்ட்டூன்களும் செய்கிற பழைய தவறு. சரியாகச் செய்வது கடினமான காரியமல்ல என்பதற்குச் சான்று டெல்லியிலிருந்து ஐந்தாறு மணி நேரப் பயண தூரத்திலேயே இருக்கிறது. இமாசலப் பிரதேசத்தின் சிர்மௌர் மாவட்டத்தில், காலா அம்புக்கு அருகே சுகேத்தி புதைபடிவப் பூங்கா 1974இல் திறக்கப்பட்டது. அங்கே கண்ணாடியிழையில் முழு உருவ மாதிரிகளாக நிற்பவை அந்த மலையிலேயே எலும்பு கிடைத்த விலங்குகள்: ராட்சத ஆமை, நீண்ட தந்தங்கள் கொண்ட ஸ்டெகோடான் யானை, நீர்யானை, வாள்பல் பூனை. மாதிரிகளின் கலைத்தரத்தில் இன்றைய கண்ணுக்குக் குறை தெரியலாம். ஆனால் அடிப்படை எண்ணம் அப்பழுக்கற்றது. குழந்தை நிற்கிற மண்ணில் என்ன வாழ்ந்ததோ அதை அந்த மண்ணிலேயே நிறுத்திக் காட்டினார்கள். 50 ஆண்டுகளுக்கு முன்பு எடுத்த அந்த நல்ல முடிவைப் பின்பற்ற டெல்லி இன்னும் முன்வரவில்லை.

டெல்லியில் டைனோசருக்குப் பஞ்சமில்லை. பிரகதி மைதானை ஒட்டி 1992 முதல் இயங்கும் தேசிய அறிவியல் மையத்தில் தொல்லுயிர்க் கூடம் இருக்கிறது. சராய் காலே கானில் மாநகராட்சி 2019இல் திறந்த ‘வேஸ்ட் டு வொண்டர்’ பூங்கா, பழைய இரும்பிலும் வாகன உதிரிபாகங்களிலும் உலக அதிசயங்களை எழுப்பிப் பெயர் பெற்றது. அதன் தொடர்ச்சியாகக் கழிவு உலோகத்தில் டைனோசர்களும் அங்கே எழுந்திருக்கின்றன. சங்கிலியையும் பல்சக்கரத்தையும் தோலாகவும் தசையாகவும் மாற்றும் அந்தக் கைவேலை பாராட்டத்தக்கது. ஞாயிற்றுக்கிழமை கூட்டமே சொல்லும், டைனோசர் என்றால் டெல்லிக்கு ஆசை உண்டு என்று. அந்த ஆசைக்கு எந்தத் தீனி போடுகிறோம் என்பதுதான் விஷயம்.

பெரும்பாலும் போடுவது ஹாலிவுட் தீனி. இதில் ஹாலிவுட்டை மட்டும் குற்றம் சொல்வது நியாயமாகாது. 1993இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் எடுத்த ‘ஜுராசிக் பார்க்’ ஒரு பெரிய திருத்தத்தைச் செய்தது. அதற்கு முன்புவரை பொதுமக்கள் மனதில் இருந்த டைனோசர் மந்தமானது. வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு, கங்காருபோல் நிமிர்ந்து, சதுப்பில் தள்ளாடுவது. 1969இல் ஜான் ஆஸ்ட்ரம் டைனோனிகஸை ஆராய்ந்து, அது சுறுசுறுப்பான வேட்டைக்காரன் என்று காட்டிய பிறகு விஞ்ஞானிகளின் பார்வை மாறியது. ஆனால் அந்த மாற்றம் ஆய்விதழ்களைத் தாண்டி ஊருக்குள் வரவில்லை. முதுகெலும்பைத் தரைக்கு இணையாக வைத்து, வாலைத் தூக்கி, பறவைபோல் வேகமாக நடக்கும் டைனோசரை உலகத்தின் கண்ணில் பதியவைத்தது அந்தப் படம். 1994இல் இந்தியில் மொழிமாற்றம் செய்யப்பட்டு இங்கே பெரும் வசூல் கண்டது. இந்தியாவில் ஒரு தலைமுறையே டைனோசர் என்பதை அந்தப் படத்தில்தான் கற்றது.

கற்றதில் பிழைகளும் உண்டு. படத்தின் வெலாசிராப்டர் ஆள் உயரம். உண்மையான வெலாசிராப்டர் வான்கோழி அளவு. படத்தில் டைலோபோசாரஸ் கழுத்துச் சவ்வை விரித்து விஷம் துப்பும். சவ்வுக்கும் விஷத்துக்கும் எந்தப் புதைபடிவச் சான்றும் இல்லை. உண்மையில் அது சுமார் 20 அடி நீளமுள்ள பெரிய விலங்கு, படத்தில் குட்டியாகச் சுருக்கிவிட்டார்கள். அசையாமல் நின்றால் டைரனோசாரஸுக்குக் கண் தெரியாது என்பதும் கற்பனை. அதன் கண்குழிகள் முன்னோக்கி அமைந்தவை, பார்வை கூர்மையானது. திரையரங்கை அதிரவைத்த அந்த உறுமல் ஒலிக்கலைஞர்களின் படைப்பு. யானைக்குட்டி, புலி, முதலை ஆகியவற்றின் குரல்களைக் கலந்து செய்தது. டைனோசர்கள் எப்படிக் குரல் எழுப்பின என்பதற்கு இன்றுள்ள பறவைகளையும் முதலைகளையும் பார்த்தால், வாயை மூடிக்கொண்டு அடித்தொண்டையில் எழுப்பும் முழக்கத்துக்கே வாய்ப்பு அதிகம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

1993இல் செய்த தவறுகளில் பலவற்றுக்கு மன்னிப்பு உண்டு. சீனாவில் இறகு படிந்த சைனோசரோப்டெரிக்ஸ் அறிவிக்கப்பட்டது 1996இல்தான். வெலாசிராப்டரின் முன்கை எலும்பில் இறகு பொருந்தியிருந்த புடைப்புகள் 2007இல் கண்டறியப்பட்டன. சைனோசரோப்டெரிக்ஸின் வாலில் செம்பழுப்பும் வெண்மையும் மாறிமாறிப் பட்டைகளாக இருந்தன என்று நிறம்வரை 2010இல் சொல்லிவிட்டார்கள். அதன் பிறகும் 2015இல் வந்த ‘ஜுராசிக் வேர்ல்டு’ மொட்டைத் தோல் ராப்டர்களையே காட்டியது. இர்ஃபான் கான் பூங்கா முதலாளியாக நடித்த, தமிழிலும் மொழிமாற்றமாகி வந்த படம் அது. தெரியாமல் செய்வது வேறு, தெரிந்தபின் செய்வது வேறு. 1854இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் தோட்டத்தில் இகுவானோடானின் கட்டைவிரல் முள்ளை மூக்கின் மேல் கொம்பாக வைத்தார் சிற்பி வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ். அன்றைய அறிவு அவ்வளவுதான், அவர் அதற்கு நேர்மையாக இருந்தார். கோடிக்கணக்கான டாலர் செலவழிக்கும் இன்றைய ஸ்டூடியோக்கள், ரசிகனுக்குப் பழகிய முகம் போதும் என்று முடிவெடுத்துப் பழைய பிழையைப் புதிதாகச் செதுக்குகின்றன. அது அறிவியல் மீதான அலட்சியம்.

படங்களின் தலைப்பில் உள்ள ‘ஜுராசிக்’கும் அப்படித்தான். டைரனோசாரஸ், வெலாசிராப்டர், ட்ரைசெரடாப்ஸ் மூன்றும் அதற்குப் பிந்தைய கிரெடேசியஸ் காலத்தவை. அசல் ஜுராசிக் காலத்து விலங்கைப் பார்க்க வேண்டுமானால் கொல்கத்தாவுக்குப் போக வேண்டும். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் பராபாசாரஸ் தாகோரை நிற்கிறது. பிராணஹிதா–கோதாவரிப் பள்ளத்தாக்கில் தோண்டி எடுத்த சுமார் 300 எலும்புகளில் இருந்து எழுப்பிய எலும்புக்கூடு. நீளம் சுமார் 14 மீட்டர். புள்ளியியல் மேதை மகலனோபிஸ் தன் நிறுவனத்தில் தொல்லுயிரியலுக்கும் இடம் கொடுத்ததால் நடந்த காரியம் இது. தாகூர் நூற்றாண்டு நேரத்தில் கிடைத்ததால் அவர் பெயரையும் சேர்த்து 1975இல் அறிவித்தார்கள். மண்டையோடு கிடைக்கவில்லை, தலைப்பகுதி ஊகம். இவ்வளவு கம்பீரமான ஜுராசிக் விலங்கு கையில் இருக்கும் நாட்டில், ஜுராசிக் என்றதும் அமெரிக்க டைரனோசாரஸ் நினைவுக்கு வருகிறது என்றால் குறை நம் பக்கமும் இருக்கிறது.

டைட்டனோசாரஸ் காட்சியில் வரும் புல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். டைனோசர் ஓவியர்களுக்கு நெடுங்காலம் ஒரு கட்டுப்பாடு இருந்தது: டைனோசரின் காலடியில் புல் வரையக் கூடாது. புல் என்பது டைனோசர்கள் அழிந்த பிறகு பெருகிய தாவரம் என்பதே அன்றைய புரிதல். பாடநூல், அருங்காட்சியகச் சுவரோவியம் எல்லாமே அதைக் கடைப்பிடித்தன. அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது மகாராஷ்டிரத்தின் பிஸ்துரா கிராமத்தில் கிடைத்த கல்லாகிப்போன டைனோசர் சாணம். லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனத்தைச் சேர்ந்த வந்தனா பிரசாத்தும் சக ஆய்வாளர்களும் அந்தச் சாணத்தைக் கரைத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, தாவரச் செல்களில் படியும் சிலிக்காத் துகள்கள் தென்பட்டன. அவற்றின் வடிவம் புல்லுக்கே உரியது. 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் அது வெளியானது. 2011இல் அதே சாணத்தில் நெல் இனத்தின் தொல் உறவுகள் இருப்பதும் தெரியவந்தது. நெல்லின் பங்காளியைத் தின்ற டைனோசர் தக்காணத்தில் உலவியிருக்கிறது. இந்தச் செய்தியைவிடத் தமிழ்க் குழந்தையின் மனதைப் பிடிக்கும் டைனோசர் கதை எது? திரையில் காட்டியதுபோல் கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் உயர்ந்த புல்வெளி அன்று இருந்ததற்குச் சான்றில்லை, புல் இருந்தது. ஒரு ஓவியன் எவ்வளவு புல் வரையலாம் என்பதை முடிவு செய்ய இந்தியச் சாணம் தேவைப்பட்டது.

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையில் நடந்த வேலையும் இதே தரம். பேராசிரியர் ஜி.வி.ஆர். பிரசாத், ஹர்ஷா திமான் ஆகியோர் அடங்கிய குழு, மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 டைட்டனோசர் கூடுகளையும் 256 முட்டைகளையும் ஆவணப்படுத்தி 2023 ஜனவரியில் வெளியிட்டது. கூடுகள் நெருக்கம் நெருக்கமாக இருந்தன. அவ்வளவு பெரிய தாய் அந்த இடத்தில் நடமாடியிருந்தால் முட்டைகள் நசுங்கியிருக்கும். ஆகவே முட்டையிட்டு மூடிவிட்டுத் தாய் போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. திரையில் நாம் பார்க்கும் பாசமிகு டைனோசர் அம்மா எல்லா இனத்துக்கும் பொருந்தமாட்டாள்.

அந்தக் கூடுகளில் ஒன்றில் கிடைத்த முட்டையை உற்றுப் பார்க்க வேண்டும். பாறையின் வெட்டுமுகத்தில் ஒரு வட்ட ஓடு. அதற்குள் இன்னொரு வட்ட ஓடு. வெளி ஓட்டின் விட்டம் 16.6 செ.மீ., உள் ஓட்டின் விட்டம் 14.7 செ.மீ. இரண்டுக்கும் நடுவே பிறைபோல் ஓர் இடைவெளி. முட்டைக்குள் முட்டை. முதிர்ந்த முட்டை வெளியே வராமல் உடலுக்குள்ளேயே திரும்பி, அடுத்த முட்டையின் ஓட்டுக்குள் அடைபடும்போது இப்படி நேரும். கோழிகளில் அபூர்வமாக நடப்பதுண்டு. ஆமை, பல்லி, முதலை ஆகியவற்றில் இது பதிவானதில்லை. அப்படியானால் டைட்டனோசரின் கருப்பாதை பறவையை ஒத்திருந்திருக்கலாம். 2022இல் வந்த இந்த ஆய்வு டெல்லியில் எழுதப்பட்டது. டெல்லியின் எந்தப் பூங்காவிலாவது, எந்த மெட்ரோ நிலையச் சுவரிலாவது இந்த முட்டையின் படம் பெரிதாக இடம்பெற வேண்டாமா?

முட்டைகள் கிடைத்த தார் வட்டாரக் கிராமம் ஒன்றில், தலைமுறைகளாக இத்தகைய உருண்டைக் கற்களை வயலையும் கால்நடையையும் காக்கும் ‘காகர் பைரவ்’ ஆக வழிபட்டு வந்திருக்கிறார்கள் என்று 2023 இறுதியில் செய்தி வந்தது. சிலர் அதைக் கேலிப் பொருளாக்கினார்கள். அது தவறு. மண்ணிலிருந்து கிடைத்த அசாதாரணப் பொருளை மதித்துக் காத்தவர்கள் அவர்கள். கல்லை உடைத்து விற்றவர்களைவிட அறிவியலுக்கு அவர்கள் அதிகம் உதவியிருக்கிறார்கள்.

சினிமாக்காரர்கள் கதை இல்லை என்று சொல்லவும் முடியாது. குஜராத்தின் தோலி துங்ரியில் 1980களில் புவியியலாளர் தனஞ்சய் மோஹபே எடுத்த ஒரு பாறையில் டைனோசர் முட்டைகளும் குஞ்சின் எலும்பும் இருந்தன. அதே பாறையில் ஒரு பாம்பும் இருக்கிறது என்பதை 2001இல் தொல்லுயிரியலாளர் ஜெஃப்ரி வில்சன் கண்டார். சுமார் 3.5 மீட்டர் நீளப் பாம்பு நொறுங்கிய முட்டையைச் சுற்றி வளைந்திருக்கிறது. பக்கத்தில் அப்போதுதான் பொரித்த, அரை மீட்டர் நீளமுள்ள டைட்டனோசர் குஞ்சு. அந்தக் கணத்தில் சேறோ மணலோ சரிந்து எல்லோரையும் மூடிவிட்டது. சுமார் 6.7 கோடி ஆண்டுகள் அப்படியே இருந்தார்கள். 2010இல் அந்தப் பாம்புக்கு ‘சனஜே இண்டிகஸ்’ என்று பெயர் வைத்தார்கள். எந்தத் திரைக்கதை ஆசிரியரும் இதற்கு மேல் ஒரு காட்சியை எழுதிவிட முடியாது.

குஜராத்தின் ரஹியோலியில் கிடைத்த ராஜாசாரஸ் நர்மதென்சிஸ் ஓரளவு அதிர்ஷ்டசாலி. 1980களில் தோண்டிய எலும்புகளை வைத்து 2003இல் அறிவிக்கப்பட்ட வேட்டை விலங்கு. நெற்றியில் ஒற்றைக் குமிழ்க் கொம்பு, குட்டையான தடித்த தலை. பாலாசினோர் அருகே அதற்கென்று அருங்காட்சியகமே 2019இல் திறக்கப்பட்டது. மும்பை–புணே வழியில் உள்ள இமேஜிகா பூங்காவில் அதன் பெயரில் ஒரு படகுச் சவாரி இருக்கிறது. வெகுஜனக் கேளிக்கை ஒன்று இந்திய டைனோசரின் பெயரைத் துணிந்து சூடியது நல்ல தொடக்கம். ஆப்பிள் டிவியின் ‘ப்ரீஹிஸ்டாரிக் பிளானட்’ இன்னும் ஒரு படி மேலே போனது. 2023இல் வந்த இரண்டாம் பருவத்தில், எரிமலைக் குழம்பு ஓடும் தக்காணத்தைக் கடந்து முட்டையிடப் போகும் ஐசிசாரஸ் கூட்டத்தையும், குஞ்சுகளைப் பதம்பார்க்கும் ராஜாசாரஸையும் காட்டினார்கள். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் (ஐ.எஸ்.ஐ.) பெயரைத் தாங்கிய ஐசிசாரஸ், சந்திரபூர் மாவட்டத்து டோங்கர்காவ் குன்றில் கிடைத்தது. மற்றப் படங்கள் டைனோசர்களின் முடிவை மெக்சிகோவில் விழுந்த விண்கல்லோடு முடித்துவிடும்போது, அதே காலகட்டத்தில் இந்தியாவில் வெடித்துக்கொண்டிருந்த தக்காண எரிமலைகளுக்கு இத்தொடர் முகம் கொடுத்தது. விண்கல்லே முக்கியக் காரணம் என்பது இன்று பெரும்பாலோர் கருத்து. எரிமலைகளின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் ஓயவில்லை. அந்த விவாதத்தின் பாதிச் சான்று நம் தக்காணப் பாறைகளில் இருக்கிறது. அதைப் படமாக்க வெளிநாட்டுக்காரர்கள்தான் வர வேண்டியிருந்தது.

நம் ஊடகங்கள் பழங்கால விலங்குகளை நினைப்பது பெரும்பாலும் அதிர்ச்சிச் செய்திக்காக. 2024இல் ஐஐடி ரூர்க்கி ஆய்வாளர்கள் தேபஜித் தத்தாவும் சுனில் பாஜ்பாயும் கட்ச்சின் பானந்த்ரோ நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த வாசுகி இண்டிகஸ் என்ற பாம்பை அறிவித்தார்கள். கிடைத்தவை 27 முதுகெலும்புகள். அவற்றை வைத்து அதன் நீளம் 11 முதல் 15 மீட்டர்வரை இருக்கலாம் என்று கணித்தார்கள். தலைப்புச் செய்திகளில் கீழெல்லை மறைந்துபோய் 15 மீட்டர் மட்டும் நின்றது, கூடவே ‘டி.ரெக்ஸைவிட நீளம்’ என்ற ஒப்பீடு. டைனோசர்கள் அழிந்து ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் கழித்து வாழ்ந்த பாம்புக்கு டி.ரெக்ஸ் எதற்கு?

தமிழ்நாட்டிலும் இது நடந்தது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நீர்நிலையைத் தோண்டியபோது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வந்தன. ‘டைனோசர் முட்டை’ என்று வாட்ஸ்அப் முழுக்கப் படம் பரவியது. வல்லுநர்கள் பார்த்துவிட்டு, அவை முட்டையல்ல, அம்மோனைட்டுகளைச் சுற்றி இறுகிய படிவங்கள் என்றார்கள். செய்தி அத்தோடு செத்துப்போனது. உண்மையில் அங்கேதான் செய்தி தொடங்கியிருக்க வேண்டும். அரியலூரும் பெரம்பலூரும் கிரெடேசியஸ் காலத்தில் கடலாக இருந்தன. இன்று சிமென்ட் ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுச் சென்றது. அம்மோனைட் என்ற சுருள்கூட்டு உயிர் டைனோசர் முட்டையைவிடக் குறைந்த அதிசயமல்ல. டைனோசரும் அங்கே இல்லாமல் இல்லை. கல்லமேட்டில் கிடைத்த மாபெரும் எலும்புகளுக்கு 1987இல் யாதகிரியும் அய்யாசாமியும் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். உலகில் வாழ்ந்த மிகப் பெரிய விலங்குகளின் வரிசையில் அதை வைப்பவர்கள் உண்டு. அந்த எலும்புகள் பாதுகாக்க முடியாமல் சிதைந்து, இன்று பழைய படங்களும் குறிப்புகளும் மட்டுமே மிச்சம். அதே கல்லமேட்டில் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பிரசாத் இடம்பெற்ற குழு கண்டெடுத்த ஒரு சிறிய பல்லை, 2013இல் ட்ரூடான்டிட் வகை டைனோசருடையது என்று அறிவித்தது. அந்தக் குடும்பத்தின் சீன உறவுகளுக்கு இறகுகள் இருந்தன. அரியலூர்க் காட்டில் இறகு முளைத்த டைனோசர் ஓடியிருக்கலாம் என்பது வெறும் கற்பனையல்ல, ஆய்விதழில் வந்த சான்றின் நீட்சி.

இந்தச் சான்றுகளைச் சாதாரணக் குடிமகன் எங்கே போய்ப் பார்ப்பது? டெல்லியில் அதற்கென்று ஓர் இடம் இருந்தது. மண்டி ஹவுஸ் அருகே, ஃபிக்கி கட்டடத்தில் 1978 ஜூன் 5 அன்று திறக்கப்பட்ட தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். பதப்படுத்திய விலங்குகள், பட்டாம்பூச்சிகள், சுமார் 16 கோடி ஆண்டுப் பழமையானதாகச் சொல்லப்பட்ட சௌரோபாட் டைனோசர் எலும்பு எல்லாம் அங்கே இருந்தன. டெல்லிப் பள்ளிகளின் சுற்றுலாவில் தவறாமல் இடம்பெற்ற இடம். 2016 ஏப்ரல் 26 அதிகாலையில் தீப்பிடித்தது. 30க்கும் மேற்பட்ட தீயணைப்பு வண்டிகள் வந்தும் சேகரிப்பு கருகிவிட்டது. கட்டடத்தின் தீத்தடுப்புக் கருவிகள் வேலை செய்யவில்லை என்று அப்போதே செய்திகள் வந்தன. அதற்கு ஈடான ஓர் அருங்காட்சியகம் தலைநகரில் இன்னும் எழும்பவில்லை. கோடிக்கணக்கான மக்கள் வாழும் நகரத்தில் ஒரு குழந்தை உண்மையான டைனோசர் எலும்பைப் பார்க்க வழியில்லாதபோது, இரும்பு டைனோசரும் திரை டைனோசரும் அதன் ஆசிரியர்களாகிவிடுகின்றன.

பள்ளிக்கூடமும் பின்வாங்கியிருக்கிறது. 10ஆம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மரபும் பரிணாமமும்’ என்றிருந்த பாடத்திலிருந்து பரிணாமத்தை என்.சி.இ.ஆர்.டி. நீக்கியது. 2023இல் 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்ப்புத் தெரிவித்துக் கையெழுத்திட்டார்கள். 12ஆம் வகுப்பு உயிரியலில் அது இருக்கிறது என்று பதில் வந்தது. 10ஆம் வகுப்போடு அறிவியலை விட்டுப்போகும் பிள்ளைகளுக்கு அந்தப் பதிலால் என்ன பயன்? கோழிக்கும் டைனோசருக்கும் உள்ள உறவைப் பள்ளி சொல்லாவிட்டால் யார் சொல்வார்?

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. சராய் காலே கானின் கலைஞர்களுக்கு டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஒரு நாள் பாடம் எடுக்கட்டும். ராஜாசாரஸ், பராபாசாரஸ், ஐசிசாரஸ் மூன்றும் அங்கே முழு உருவில் நிற்கட்டும். ஒவ்வொன்றின் அடியிலும் எது கிடைத்த எலும்பு, எது கலைஞரின் ஊகம் என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கட்டும். ராஜாசாரஸின் தலையில் மூளைக்கூட்டுப் பகுதி கிடைத்தது, முகத்தின் பெரும்பகுதி உறவினங்களை வைத்து நிரப்பியது என்று ஒரு பலகை சொன்னால், அறிவியல் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பத்து வயதுப் பிள்ளை நின்ற இடத்தில் புரிந்துகொள்ளும். புதைபடிவங்களைக் காக்க மத்திய அரசு 2022 டிசம்பரில் கருத்துக்கு வைத்த புவிமரபு வரைவு மசோதாவை, ஆய்வாளர்கள் எழுப்பிய ஆட்சேபங்களைக் கேட்டுத் திருத்திச் சட்டமாக்க வேண்டும். கல்லமேட்டு எலும்புக்கு நேர்ந்த கதி இன்னொன்றுக்கு நேரக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னதாகத் தலைநகருக்கு அதன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் திரும்ப வேண்டும். தீத்தடுப்பு வேலை செய்கிற, இந்திய எலும்புகளுக்கு முதல் கூடத்தைத் தருகிற அருங்காட்சியகம். சுற்றுச்சூழல் அமைச்சகம் அதற்கான நாளைக் குறித்து மக்களுக்கு அறிவிக்கட்டும்.